மெஷின் முதலில் யார் காட்டுக்கு?

போன வாரம் முருகேசன் போன் பண்ணினான். நான் ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்தில் என் நாற்காலிக்கு வந்தவன். "அண்ணே, இனிமே அறுப்பு மெஷினுக்கு பதிவெல்லாம் செல்போன்லயே வரப்போகுதாம். யாருக்கு முதல்ல அனுப்பணும், யாருக்குப் பெறகு அனுப்பணும்னு விதி எழுதிக் கேக்குறாக. நீங்களும் அந்த மேடமும் ஏதோ ஒரு முறை வச்சிருந்தீகளாமே, அத கொஞ்சம் எழுதிக் குடுங்கண்ணே" என்றான்.

"எழுதித் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறேன். "கால்ல சக்கரமா கட்டியிருக்கு? டீயாவது உக்காந்து குடிங்க" என்று வீட்டில் சத்தம் போடுகிறார்கள். விதிகளை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அந்த அரைப் பக்கத்தைப் படித்துவிட்டு முருகேசன் தப்பாகப் புரிந்துகொள்வான் என்பதுதான் என் பதற்றம். ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவர் வெயிலில் நின்று சத்தம் போட்டதால் வந்தது. அவர்களையும் சேர்த்து எழுதினால்தான் எனக்கு மனசு அடங்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது டிராக்டர் ஓட்டுநராக. அரசு வாடகை இயந்திர அலுவலகம். உழவு டிராக்டர், மண்வெட்டும் எந்திரம், கடைசியாக அறுப்பு மெஷின் என்று விவசாயிகளுக்கு மணிக்கணக்கு வாடகைக்கு விடும் இடம். பல வருடம் கரிசலில் ஓட்டி முதுகு போனது. இனி ஓட்ட முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் என்னைப் பதிவுப் பிரிவில் போட்டார்கள். ஓட்டுவதைவிடக் கஷ்டமான வேலை அதுதான் என்று அப்போது தெரியாது.

எங்கள் பக்கம் மானாவாரி; விதைக்கிற நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் ஒரே மழையை நம்பித்தான் எல்லாரும் விதைப்பார்கள். ஒரே மழையில் விதைத்த மக்காச்சோளம் ஒரே சமயத்தில்தான் முற்றும். தை பிறந்துவிட்டால் எல்லாருக்கும் அன்றைக்கே மெஷின் வேண்டும். எங்களிடம் இருந்தது இரண்டே மெஷின். தனியார் மெஷின்கள் வெளியூரிலிருந்து வரும், பெரிய காடாகப் பார்த்து இறங்கும், போய்விடும். ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர்க்காரர்கள் எல்லாரும் எங்கள் வாசலில்தான்.

முதலில் வந்தவருக்கு முதல் மெஷின், அதுதான் பழைய முறை. கேட்க நியாயமாக இருக்கும். நடந்தது என்ன தெரியுமா? பயிர் முழங்கால் உயரம் இருக்கும்போதே வந்து பதிந்துவிடுவார்கள். மெஷின் பரளச்சி வரைக்கும் உருண்டு போனால், கதிரில் பால் வடியும். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க சார்" என்பார்கள். அடுத்த பதிவு திருச்சுழிக்கு அந்தப் பக்கம். அங்கே முடித்தால் மூன்றாவது மறுபடி பரளச்சி. பாதி நாள் மெஷின் ரோட்டில்தான் நிற்கும். முற்றிச் சாய்ந்த காட்டுக்காரன் என் மேஜையைத் தட்டுவான். நானும் பதிலுக்குத் தட்டுவேன்.

அந்தச் சமயத்தில்தான் தமயந்தி மேடம் உதவிப் பொறியாளராக வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வந்த முதல் நாள் அவர் யாரென்று எனக்குத் தெரியாது. காலையிலேயே வந்து விவசாயிகளோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வெகு நேரம் கழித்து எழுந்து என் மேஜைப் பக்கம் வந்தார். "அம்மா, வரிசைப்படிதான் கூப்பிடுவேன், போய் உக்காருங்க" என்று அதட்டினேன்.

"சரிங்க" என்று போய் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரம் வரை அங்கேதான் இருந்தார். பிறகு பொறியாளர் அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும்தான் அவர் யாரென்று எனக்குத் தெரிந்தது. கூப்பிட்டு விட்டார். திட்டப் போகிறார் என்று நின்றேன்.

"பெஞ்சில என் பக்கத்துல இருந்தவர் சொன்னாருங்க, அவரு பயிர் இன்னும் பூவே எடுக்கலையாம். எதுக்கு இப்பவே பதியறீங்கன்னேன். 'பதியாட்டி ஏமாந்தவன்'னாரு. அவரு சொன்னது சரிதானுங்களே?"

"சரிதான் மேடம். இப்படித்தான் எல்லாரும்…"

"எல்லாரும்னு சொல்லாதீங்க. யாரு, எந்த ஊரு, ஏன்? அப்படிச் சொல்லுங்க."

அதுதான் அவர் பழக்கம். பொதுவாகப் பேச விடமாட்டார். குரலை உயர்த்தவும் மாட்டார். எந்த விதியைப் பற்றிப் பேசினாலும் ஒரே கேள்விதான்: "இதுல பொய் சொன்னா லாபமா, உண்மை சொன்னா லாபமா?" பொய் சொன்னால்தான் லாபம் என்றால் அந்த விதியை அடித்துவிடுவார். விவசாயிகள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம், "நம்ம விதிதானுங்க அவங்கள ஏமாத்தச் சொல்லுது" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். அது இன்னும் எரிச்சல்.

கதிர் முற்றியதா என்பதில் ஆரம்பித்தோம். மெஷின் வருவதற்கு முதல் நாள் போன் செய்து "இன்னும் முத்தல" என்று சொன்னால் அவர் இடம் போகாது. அந்த ஊருக்கு மெஷின் அடுத்த தடவை போகும்போது அவருக்குத்தான் முதல். ஆனால் முற்றிவிட்டது என்று சொல்லி மெஷினை வரவழைத்துப் பச்சையாக இருந்தால், ஊரில் எல்லாருக்கும் முடிந்த பிறகுதான் அவருக்கு. அதோடு முழங்கால் பயிருக்குப் பதிவது நின்றுபோனது.

பிறகு அலைச்சல். பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து பதிந்தால் அவர்களுக்கு முன்னுரிமை என்றோம். உடனே பெரிய காட்டுக்காரர்களாகச் சேர்ந்துகொண்டு சின்ன துண்டு வைத்திருப்பவரை விட்டுவிட்டார்கள். மேடம் இன்னொரு வரி சேர்த்தார்: ஒரு ஏக்கருக்குக் கீழே உள்ளவரைச் சேர்த்துக்கொண்ட குழு, சேர்க்காத குழுவுக்கு முன்னால் போகும். ஒரே வாரத்தில், அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத முக்கால் ஏக்கர்க்காரரை வீட்டில் போய்த் தேடி மோட்டார் சைக்கிளில் கூட்டிவந்தார்கள். "ஏலே, எனக்கு இப்பத்தாண்டா மதிப்பு வந்திருக்கு" என்று ஒருவர் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறது.

அப்புறம் அவசரம். யார் வந்தாலும் அவசரம்தான். காற்றில் சாய்ந்துவிட்டது, பன்றி இறங்கிவிட்டது, மகளுக்குக் கல்யாணம். எது நிஜம் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? மேடம், கண்டுபிடிக்க வேண்டாம் என்றார். ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வருடத்துக்கு ஒரே ஒரு அவசரம். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காரணம் கேட்க மாட்டோம். எடுத்தால் முடிந்தது. அதன் பிறகு அவசரம் என்று வருபவர்கள் சட்டென்று குறைந்துபோனார்கள். "வேண்டாம் சார், வச்சிருப்போம், மழ கிழ வந்தா ஆகும்" என்று அவர்களாகவே தள்ளிப்போட்டார்கள்.

பெரிய இடத்துப் போனுக்கு மட்டும் விதி எதுவும் எழுத முடியவில்லை. அதற்குப் பதிலாக அலுவலகத்தின் வெளிச்சுவரில் ஒரு கரும்பலகை வைத்தோம். நாளைக்கு மெஷின் எந்த ஊர், யார் காடு, ஏன் முதலில் என்று தினமும் சாயங்காலம் சாக்பீஸால் எழுதுவோம். ஒருநாள் ஒரு பிரமுகர் போனில் மேடத்தை மிரட்டினார், தன் மைத்துனர் காட்டுக்கு மெஷின் போகவேண்டும் என்று. மேடம் பணிவாகச் சொன்னார்: "அனுப்பிடறனுங்க. போர்டுல காரணம் எழுதணுமுங்க. 'ஐயா போன் செய்ததால்'னு உங்க பேரைப் போட்டு எழுதிடறனுங்க."  அவர் போனை வைத்துவிட்டார்.

இவ்வளவுதான் முருகேசன் கேட்டது. இதோடு முடித்திருந்தால் நானும் நிம்மதியாக டீ குடித்திருப்பேன். ஆனால் இந்த விதிகள் எல்லாம் சரியாக நடந்து, எல்லாரும் உண்மையே பேசி, அப்படியும் ஒரு காடு அழியப் பார்த்த கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விதியை மட்டும் கொடுக்க எனக்கு மனசில்லை.

பரளச்சிக்குத் தெற்கே ஒரு ஊர். தை மாதக் கடைசி. அன்றைக்கு ஒரு மெஷின் வேறு பக்கம் போயிருந்தது; இன்னொன்று அந்த ஊரில் ஒரு குழுவின் காடுகளை அறுத்துக்கொண்டிருந்தது. வங்காள விரிகுடாவில் தாழ்வு நிலை, ரெண்டு நாளில் மழை என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். அடுத்த நாள் காலை மெஷின் திருச்சுழிக்குக் கிழக்கே இன்னொரு ஊருக்குப் போவதாகப் போர்டில் எழுதியாகிவிட்டது. மத்தியானம் ஆபரேட்டர் போன் செய்தார்: "அண்ணே, சீக்கிரம் வாங்க. ஒரு ஆளு மெஷினுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு நகர மாட்டேங்காரு."

நின்றவர் முத்திருளாண்டி. அவருடைய காடு உள்ளே இருந்தது. முன்கூட்டியே விதைத்திருந்தார். சோளத்தட்டை காய்ந்து சரிய ஆரம்பித்திருந்தது. கதிரை உரித்துக் கடித்தால் கடுக்கென்றது. அவருடைய அவசரத்தைப் போன வருடமே, காற்றில் பயிர் சாய்ந்தபோது எடுத்துவிட்டார். அவசரம் என்று அவர் இப்போது கேட்கவும் இல்லை. குழுவில் அவர் பெயர் இருந்தது, முறைப்படி அன்றைக்கு அவருக்கு மெஷின் உண்டு. ஆனால் மெஷின் உள்ளே போக ஒரே வழிதான், அது முன்னால் இருந்த வேலுச்சாமியின் காடு. வேலுச்சாமி அவருக்குப் பங்காளி, பெரியப்பா மகன். எல்லைப் பொழித் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை. வேலுச்சாமியின் முதல் விதைப்பை மயில் கூட்டம் கிளறித் தின்றுவிட்டதால் அவர் மறுபடி விதைத்தவர். அவர் பயிர் பச்சையாக நின்றது.

"நான் என்ன பொய்யா சொல்லுதேன்?" என்றார் வேலுச்சாமி. "நேத்தே போன் பண்ணி முத்தலன்னு சொன்னேன்ல? இந்தா, கடிச்சுப் பாருங்க."

கடித்தேன். பால் வந்தது.

"உண்மையச் சொன்னா எடம் போகாதுன்னு நீங்கதான சொன்னீக? இப்ப என்னமோ நான் குத்தம் செஞ்ச மாதிரி எல்லாரும் என்னையப் பாக்குறாக."

 முத்திருளாண்டி மெஷினின் முன் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "சார், இது ரோட்டுல ஏறிருச்சுன்னா இனி மழைக்குப் பெறகுதான். அப்ப வந்து என்னத்த அறுக்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உடனே மேடத்துக்குப் போன் செய்தேன்.

மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். யாருக்கும் புத்தி சொல்லவில்லை. வேலுச்சாமியிடம் நேராகப் போய், "வழி விட்டா உங்களுக்கு என்னங்க நஷ்டம்? அளந்து காட்டுங்க" என்றார். வேலுச்சாமி மெஷினின் அகலத்தைக் காலால் அளந்து காட்டினார். அவ்வளவு பயிரை வெட்டினால் தட்டை மாட்டுக்கு ஆகும், கதிர் போய்விடும்.

"அந்தக் கதிருக்கு ஈடா உள்ள இருக்கறவர் தரணும். முத்திருளாண்டி, தருவீங்களா?"

"ரெண்டு பங்கா தாரேன்."

"அவன் கதிரு எனக்குத் தேவையில்ல" என்றார் வேலுச்சாமி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"சரிங்க. அப்ப நான் ஒண்ணு தாரேன். உங்க பயிர் முத்தற நாளை நீங்க சொல்லுங்க. அன்னிக்கு மெஷின் இங்க நிக்கும். எந்த ஊர்ல இருந்தாலும் சரி. 'வழி விட்டதால்'னு காரணம் எழுதி போர்டுல போடறேன்."

வேலுச்சாமி திரும்பிப் பார்த்தார். "சொன்ன நாளைக்கு வருமா?"

"எழுதிப் போட்டா வருமுங்க."

வேலுச்சாமி வீட்டுப் பக்கம் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அரிவாளோடு வந்தார். ரோட்டோரத்திலிருந்து அவரே வெட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த முத்திருளாண்டி சுற்றிக்கொண்டு போய் உள் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தார்கள்.  ஆளுக்கொரு பக்கம் தட்டையை அள்ளிப் போட்டார்கள்.

வழி தயாரானபோது பொழுது இறங்கிவிட்டது. உள் காட்டில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு பழைய கிணறு. இருட்டில் மெஷினை இறக்க மாட்டேன் என்று ஆபரேட்டர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம். காலையில்தான் அறுக்க முடியும். ஆனால் காலை வேறு ஊருக்குச் சொல்லியாகிவிட்டது.

"மேடம், அரை நாள் தள்ளிப்போட்டா போதும்" என்றேன்.

"எழுதினத நான் மாத்த மாட்டனுங்க. இன்னிக்கு இவருக்காக மாத்தினா, நாளைக்கு அந்தப் போர்டை எவன் நம்புவான்?"

"வழி வெட்டியாச்சே மேடம்!" கிட்டத்தட்ட கத்திவிட்டேன்.

அவர் ஜீப்பில் சாய்ந்துகொண்டு யோசித்தார். "மாத்தற உரிமை நமக்கு இல்லைங்க. நாளைக்கு யாரு முறையோ அவங்களுக்குத்தான் இருக்கு. போய்க் கேளுங்க. நேர்ல போய்க் கேளுங்க. கெஞ்சக் கூடாது, பயமுறுத்தக் கூடாது. இல்லைன்னா, இல்லைதான். மெஷின் காலையில அங்க போயிரும்."

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியெல்லாம் எனக்குள்ளேயே பேசிக்கொண்டு போனேன். என்ன சொல்லிக் கேட்பது? அவர்கள் மேலும் அதே மழைதானே பெய்யும்?

அந்த ஊர்க் குழுவுக்குப் பொறுப்பு பாண்டியம்மாள். என் வயதிருக்கும். கணவர் திருப்பூரில் வேலை, காட்டைப் பார்ப்பது இவர்தான். களத்தைப் பெருக்கி, சாக்குகளை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கூடவே இருந்த ஒரு ஆள், "அதெல்லாம் முடியாதுங்க, அக்கா குடுக்காதீக" என்று துள்ளினார். பாண்டியம்மாள் அவரைக் கையமர்த்தினார்.

"அந்தாளு ஒங்களுக்குச் சொந்தமா?"

"இல்லம்மா."

"மழ எப்பவாம்?"

"நாளன்னைக்குச் சாயந்தரம்னு சொல்றாக. மெஷின் நாளைக்கு மத்தியானம் இங்க வந்துரும். நாளன்னைக்கு மத்தியானத்துக்குள்ள உங்க குழு முழுக்க முடிச்சிரலாம்."

"முடிச்சிரலாமா, முடிஞ்சிருமா?"

"முடிச்சிரலாம்னுதான் சொல்ல முடியும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க இப்ப கேக்க வந்திருக்கீகளா, சொல்ல வந்திருக்கீகளா?"

"கேக்கத்தான் வந்தேன். இல்லன்னு சொல்லுங்க, காலையில மெஷின் இங்க நிக்கும்."

"அப்பச் சரி. சொல்ல வந்திருந்தீகன்னா குடுத்திருக்க மாட்டேன்." சாக்கை மடித்துக் கீழே வைத்தார். "ஆனா ஒண்ணு. எங்க குழுவுல என் காடுதான் முதல்ல எழுதியிருக்கு. அத கடைசியா மாத்திருங்க. குடுக்கேன்னு சொல்றது நான். நனைஞ்சா நானே நனையிறேன். மத்தவுக காட்ட முதல்ல எடுத்துருங்க."

துள்ளிய ஆள் சாக்கு மடிக்கப் போய்விட்டார்.  பாண்டியம்மாள் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன், கிளம்பினேன்.

காலையில் முத்திருளாண்டி காடு சுத்தமாக அறுத்து முடிந்தது. சொன்னபடி மத்தியானம் மெஷின் பாண்டியம்மாள் ஊரில் இறங்கியது. ஒவ்வொரு காடாக எடுத்துக்கொண்டு போனோம். அடுத்த நாள் விடிந்ததிலிருந்து நான் வானத்தைப் பார்ப்பதும் மெஷினைப் பார்ப்பதுமாக இருந்தேன். கிழக்கே கறுத்துக்கொண்டே வந்தது. சாயங்காலம் என்று சொன்ன மழை முன் மத்தியானமே வந்துவிட்டது. மெஷின் அப்போதுதான் பாண்டியம்மாள் காட்டில் இறங்கி ரெண்டு சுற்று வந்திருந்தது. கரிசல் நனைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. சக்கரம் வழுக்கி இறங்க ஆரம்பித்தது.

பாண்டியம்மாள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வரப்பில் நின்றார். நான் ஆபரேட்டரைப் பார்த்து, "இன்னும் ஒரு சுத்து, ஒரே ஒரு சுத்து" என்று கத்திக்கொண்டிருந்தேன். பாண்டியம்மாள்தான் என்னை நிறுத்தினார். "வெளிய எடுக்கச் சொல்லுங்க சார். பொதைஞ்சிருச்சுன்னா எடுக்க முடியாது. அடுத்த ஊர்ல ஆளுக காத்திருப்பாக."

மழை விடாமல் அடித்தது. மழை நின்று, காட்டுக்குள் ஆள் நடக்கும்படியாக ஈரம் கொஞ்சம் வற்றியபோது நான் மறுபடி அங்கே போனேன். கதிரில் முளை எட்டிப் பார்த்திருந்தது. மெஷின் இறங்க வழியில்லை, கையால்தான் ஒடிக்க வேண்டும். பாண்டியம்மாளும் ரெண்டு பெண்களும் சேற்றில் நின்று ஒடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டிக் காட்டின் அந்தக் கோடியில் ஒரு ஆளும் அவர் மனைவியும் கூடையோடு ஒடித்துக்கொண்டு வந்தார்கள். பாண்டியம்மாள் நிமிர்ந்து பார்த்து, "யாருப்பா நீங்க? நான் கூப்பிடலயே?" என்றார்.

"ஒங்க முறையில அறுத்த ஆளும்மா" என்றார் முத்திருளாண்டி.

பாண்டியம்மாள் கையால் காட்டி, "அந்த வரிசைய விடுங்க, அங்க எல்லாம் அழுகிருச்சு. இங்குட்டு வாங்க" என்றார். நானும் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். பாதியைத் தேற்றினோம். மீதி மாட்டுக்குப் போனது.

அலுவலகத்துக்கு வந்து மேடத்திடம் பொரிந்து தள்ளினேன். "நல்லது செஞ்ச ஆளுதான் தோத்திருக்கு. இது என்ன முறை மேடம்?"

அவர் வழக்கம்போலக் குரலை உயர்த்தவில்லை. முகம் மட்டும் சரியாக இல்லை. "விட்டுக் குடுத்தா நஷ்டம்னு ஊர் பூரா தெரிஞ்சுருச்சுங்க. இனி எவரும் விட மாட்டாங்க. அந்தம்மாவுக்கு நாம கடன்பட்டிருக்கறது மட்டும் இல்ல, அடுத்து விடப்போற ஆளுக்கும் சேர்த்துத்தான் யோசிக்கணும்." அன்றைக்குச் சாயங்காலம் அவரே போர்டில் எழுதினார். தன் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தவருக்கு அடுத்த வருடம் அவர் கேட்கும் நாளில் முதல் மெஷின். கீழே பாண்டியம்மாள் பெயர். அது அழியாமல் இருக்கட்டும் என்று சாக்பீஸால் எழுதாமல் வெள்ளைப் பெயிண்டால் எழுதினார். வேலுச்சாமி காட்டுக்கும் அவர் சொன்ன நாளில் மெஷின் போய் நின்றது.

சித்திரையில் மேடத்துக்கு மாற்றல் வந்தது. ஆடியில் கட்டடத்துக்கு வெள்ளையடித்தார்கள். நான் லீவில் இருந்த நேரம், போர்டுக்கும் சேர்த்துக் கறுப்படித்துவிட்டார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. புதிதாக வந்த அதிகாரி நல்லவர்தான். ஆனால் எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். மேடம் காகிதத்தில் எழுதவில்லை.

மார்கழிக் கடைசி. பதிவு தொடங்கிய அன்றைக்கே பாண்டியம்மாள் வந்துவிட்டார். பெஞ்சு நிறைய ஆள். நேராக வந்து, "பொங்கல் கழிச்சு வார முதல் திங்கக்கெழம. என் காடு. போன வருசம் சொன்னது" என்றார். எல்லாரும் கேட்ட நாள் அதுதான். பெஞ்சில் முதலில் உட்கார்ந்திருந்தவரும் அந்த நாளுக்காக, கோழி கூவும் முன்பே வந்து இடம் பிடித்தவர்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "எழுத்துல இருக்கா?"

"போர்டுல இருந்துச்சு சார். கறுப்படிச்சுட்டாக."

"அப்போ நான் எதை வச்சு இவங்கள முன்னாடி விடுறது? நாளைக்கு ஆளாளுக்குப் போர்டுல இருந்துச்சுன்னு வருவாங்க."

அவர் கேட்டதிலும் தப்பில்லை.  பாண்டியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேட்பதைக் கேட்டாயிற்று, இனி நீங்கள் ஆயிற்று என்கிற மாதிரி.

பெஞ்சில் முதலில் இருந்தவர் எழுந்தார். குல்லூர்ச்சந்தைப் பக்கத்துக்காரர், நான் அதிகம் பழகாதவர். "சார், எழுதியிருந்தது நிசம். நான் படிச்சேன். வெள்ளப் பெயிண்டுல எழுதியிருந்துச்சு" என்றார்.

"இவங்க முன்னாடி போனா உங்க நாள் போயிருமே?" என்றார் அதிகாரி.

"போகுந்தான். அதுக்காக இல்லாத மாதிரி சொல்ல முடியுமா?"

பின்னால் இருந்த இன்னும் ரெண்டு பேர் "ஆமா சார், பாத்தோம்" என்றார்கள். அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். பிறகு அந்தத் திங்கட்கிழமைக்கு நேராகப் பாண்டியம்மாள் பெயரை எழுதினார்.

 வேலை முடிந்தது என்று பாண்டியம்மாள் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் நகரவில்லை.

"சார், இவுக பேரையும் எழுதிக்கோங்க" என்றார், பெஞ்சில் முதலில் இருந்தவரைக் காட்டி. "இன்னைக்குத் தன் நாள விட்டுட்டாருல்ல? அடுத்த வருசம் இவருக்கு முதல் மெஷினு. இந்தத் தடவ காயிதத்துல எழுதுங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். "இது எங்க போய் முடியும்?" என்றார்.

"அது எனக்கென்ன சார் தெரியும்" என்று சொல்லிவிட்டு, குல்லூர்ச்சந்தைக்காரர் அதிகாரியின் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். தன் பெயரைச் சரியாக எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்தார். "இன்ஷியலு கே இல்ல சார், வி" என்றார். அதிகாரி அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.